சேர்ந்தார்களா, இல்லையா?

சினிமாப் பார்த்துவிட்டு வருகிறவரிடம் நம் வீடுகளில் கேட்கப்படும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "கடைசியில் சேர்ந்தார்களா, இல்லையா?" பாட்டு எத்தனை, சண்டை உண்டா, அழ வைக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. சேர்ந்துவிட்டார்கள் என்று சொன்னால் பெரியவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். சேரவில்லை என்றால், "அப்படியானால் அந்தப் படம் வேண்டாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஹைகோர்ட்டு நீதிபதிகள்கூட இத்தனை சுருக்கமாகத் தீர்ப்பு எழுதுவதில்லை.

இந்தக் கேள்வியை நான் கேலி செய்யவில்லை. கணவனும் மனைவியும் பிரிந்து நிற்பதைப் பார்க்கச் சகிக்காத மனசிலிருந்து பிறந்த கேள்வி அது. ஆனால் கணவன்-மனைவி பிணக்கைச் சொல்லும் தமிழ்ப் படங்கள் சிலவற்றை ஆண்டு வரிசையில் வைத்து, பக்கத்திலேயே அந்தந்த ஆண்டின் சட்டப் புத்தகத்தையும் பிரித்து வைத்துப் பார்த்தபோது, நாம் கேட்கத் தவறிய இன்னொரு கேள்வி இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அதை எனக்குக் காட்டிக் கொடுத்தது சட்டப் புத்தகம் அன்று; எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டுமே தெரிந்த ஒரு கிழவி. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் 1939-ஆம் ஆண்டுக்குப் போவோம்.

அந்த ஆண்டுதான் கே. சுப்ரமணியம் இயக்கிய 'தியாக பூமி' வெளிவந்தது. கதை கல்கியினுடையது. ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, ஓவியங்களுக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளையே அச்சிட்டார்கள். வாசகர்கள் கொட்டகைக்குள் நுழையும்போதே சாவித்திரியின் முகத்தை அறிந்திருந்தார்கள். சாவித்திரியாக எஸ். டி. சுப்புலட்சுமி, தந்தை சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன், குழந்தை சாருவாக பேபி சரோஜா.

சுதந்திரப் போராட்டத்துக்காக அந்தப் படத்தை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 1940-ல் பிரிட்டிஷ் ஆட்சி அதைத் தடை செய்ததும் அதற்காகத்தான். ஆனால் சர்க்காரைக் கலக்கிய படம் ஒன்று. வீடுகளைக் கலக்கிய படம் வேறொன்று. அந்த இரண்டாவது படமும் அதே பிலிம் சுருளுக்குள்தான் இருந்தது.

கதை இதுதான். நாகரிக மோகம் பிடித்த ஸ்ரீதரன், கிராமத்துப் பெண்ணான மனைவியைத் துன்புறுத்தித் துரத்துகிறான். கர்ப்பவதியாகத் தந்தையைத் தேடி வருகிறாள், தந்தை ஊரிலில்லை. குழந்தை பிறக்கிறது. வளர்க்க வழியில்லாமல், உறங்கிக் கொண்டிருக்கும் தந்தையின் அருகிலேயே குழந்தையை விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். ஆண்டுகள் கழிகின்றன. பம்பாயிலிருந்த உறவினர் ஒருவரின் பெருஞ்சொத்து அவளுக்கு வருகிறது. சாவித்திரி உமாராணி ஆகிறாள். இப்போது கணவனுக்கு மனைவி ஞாபகம் வந்துவிடுகிறது! தன்னுடன் வந்து வாழும்படி உத்தரவிட வேண்டுமென்று கோர்ட்டில் வழக்குப் போடுகிறான்.

அவள் வர மறுக்கிறாள். அதோடு விட்டாளா? வேண்டுமானால் கணவனுக்குத் தான் ஜீவனாம்சம் கொடுக்கத் தயார் என்கிறாள். 1939-ல்! புருஷன் மனைவிக்குக் கொடுப்பதைத்தான் ஜீவனாம்சம் என்று அதுவரை ஜனங்கள் அறிந்திருந்தார்கள். இந்தக் காட்சியை நான் முதன்முதலில் பார்த்தபோது படத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல். பிரதி தேய்ந்து, ஒலி கரகரத்து, முகங்கள் மங்கியிருந்தன. ஆயினும் அந்த இடம் வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். தேயாதது ஏதோ ஒன்று அதில் இருந்தது.

வாழ வராத மனைவியைக் கோர்ட்டு மூலம் அழைத்து வரும் இந்த வழக்குக்கு, 'தாம்பத்திய உரிமை மீட்பு' என்று பெயர். கேட்டால் மனுஸ்மிருதியிலிருந்து வந்ததுபோல் தோன்றும். உண்மையில் அது இங்கிலாந்தின் பாதிரிமார் கோர்ட்டுகளிலிருந்து கப்பலேறி வந்த சரக்கு. இந்தியக் கோர்ட்டுகளில் அது வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அனுப்பி வைத்த இங்கிலாந்தே 1970-ல் அந்த வழக்கை ஒழித்துவிட்டது.

சாவித்திரிக்கு அரை நூற்றாண்டு முன்பே, பம்பாயில் ரக்மாபாய் என்ற பெண் நிஜமாகவே அந்தக் கூண்டில் நின்றிருக்கிறாள். பதினொரு வயதில் கல்யாணம். வளர்ந்தபின் கணவன் தாதாஜியுடன் வாழ விருப்பமில்லை என்றாள். அவன் வழக்குத் தொடுத்தான். 1885-ல் நீதிபதி பின்ஹே அவள் பக்கம் தீர்ப்பளித்தார். அப்பீலில் அது நிற்கவில்லை. 1887-ல் மறுவிசாரணை செய்த நீதிபதி பேரன், கணவனிடம் போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை என்றார். சிறைக்கே போகிறேன் என்றாள் ரக்மாபாய். தேசம் முழுவதும் இரண்டு பட்டது; பால கங்காதர திலகர் அவளை எதிர்த்து எழுதியவர்களில் ஒருவர். முடிவில் 1888-ல் தாதாஜி இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு விலகினான்.

மனைவி பணம் கொடுத்துக் கணவனிடமிருந்து விடுபட்ட நிகழ்ச்சி, ஆக, கற்பனை அல்ல. பிறகு அந்த அம்மாள் லண்டனுக்குப் போய் வைத்தியம் படித்தார். சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல ஆண்டுகள் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். இந்துப் பெண்ணுக்குத் தேசம் முழுவதும் விவாகரத்து உரிமை தந்த இந்துத் திருமணச் சட்டம் 1955 மே மாதம் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ரக்மாபாய் காலமானார். சட்டம் அவரைப் பிடிக்க அறுபத்தேழு ஆண்டுகள் பின்னாலேயே ஓடி வந்து, கடைசி நான்கு மாதத்தில் கையைத் தொட்டது போலிருக்கிறது.

இப்போது அந்தக் கிழவி.

என் தாத்தாவின் தங்கை அவள். நாங்கள் 'பெரிய ஆச்சி' என்போம். திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு கிராமம். பதினாறு வயதில் கட்டிக் கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் புருஷன் இன்னொருத்தியை வீட்டுக்கு அழைத்து வந்தான். ஆச்சி பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். அன்று முதல் அவள் பெயருக்கு முன்னால் ஊர் ஒரு பட்டத்தைச் சேர்த்தது: வாழாவெட்டி. அவனுக்குப் பட்டம் ஒன்றும் இல்லை. அவன் பாட்டுக்கு வாழ்ந்தான். ஓர் ஆண் எத்தனை கல்யாணம் வேண்டுமானாலும் செய்துகொள்ள அன்றைய இந்துச் சட்டம் இடம் கொடுத்தது. பெண்ணுக்கு முதல் கல்யாணத்திலிருந்து வெளியேறவே வாசல் இல்லை.

'தியாக பூமி'யை ஆச்சி பார்த்திருக்கிறாள். அண்ணன் வீட்டுப் பெண்களோடு வண்டி கட்டிக்கொண்டு டவுனுக்குப் போய்ப் பார்த்ததாகச் சொன்னாள்.

"அந்தப் புள்ள கோர்ட்டுல நின்னு பேசிச்சுல்லா, அதை நாலு மாசம் எனக்குள்ளேயே பேசிப் பாத்துக்கிட்டே கெடந்தேன், ஐயா. மாவு ஆட்டையிலயும் அதேதான், தண்ணி எறைக்கையிலயும் அதேதான்."

"கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தார்களா, ஆச்சி?" என்று கேட்டேன். நான் அப்போது பையன். எங்கள் குடும்ப வழக்கப்படி கேட்டேன்.

ஆச்சி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "சேந்தாங்களா, சேரலையான்னு எல்லாவனும் கேக்கான். பிரிஞ்சு போனவ அப்புறம் எதைத் தின்னு உசிரோட இருந்தான்னு எவனாவது கேக்கானா?"

அன்று எனக்கு அது ஒரு கிழவியின் சலிப்பாகத்தான் கேட்டது. பல ஆண்டுகளுக்குப் பின், படங்களையும் சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான், அத்தனை படங்களுக்கும் உரைகல் அந்த ஒரு வாக்கியம் என்று தெரிந்தது.

உரசிப் பாருங்கள். சாவித்திரி கோர்ட்டில் நிமிர்ந்து நின்றது எந்தப் பலத்தில்? பம்பாய்ச் சொத்தின் பலத்தில். அந்தச் சொத்து வராமலிருந்தால் அவள் கோர்ட்டுக்கே வந்திருக்க மாட்டாள். அவனும் அவளைத் தேடியிருக்க மாட்டான். கல்கிக்கும் சுப்ரமணியத்துக்கும் இது தெரியாதா? நன்றாகவே தெரியும். பிறந்த வீட்டுச் சொத்தில் பெண்ணுக்கு அன்று பங்கு கிடையாது. 1937-ல் வந்த சொத்துரிமைச் சட்டமும் விதவைகளுக்குத்தான் ஓரளவு உரிமை கொடுத்தது; வாழாவெட்டிகளுக்கு அல்ல. ஆகவே சாவித்திரியைப் பேச வைக்க வேண்டுமானால் முதலில் அவளுக்கு ஒரு புதையல் கிடைத்தாக வேண்டும். புதையல் கிடைக்காத சாவித்திரிகள் அண்ணன் வீட்டு அடுக்களையில் மாவு ஆட்டிக்கொண்டே அவள் வசனத்தை உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தார்கள்.

ரக்மாபாயையும் இதே கல்லில் உரசலாம். அவருடைய தைரியம் பெரிது, சந்தேகமே இல்லை. ஆனால் தந்தையின் சொத்து அவருக்கு வந்திருந்தது. டாக்டரான வளர்ப்புத் தந்தையின் வீட்டில் அவருக்கு இடம் இருந்தது. தைரியத்துக்கும் சாப்பாடு வேண்டியிருக்கிறது.

இனி முடிவைப் பார்ப்போம். சாவித்திரி தேசப் போராட்டத்தில் சேர்ந்து சிறை செல்கிறாள். கணவனும் மனம் திருந்திப் போராட்டத்துக்கு வருகிறான். கோர்ட்டில் எழுந்த கேள்வியைத் தேசக்கொடி வந்து மூடிவிடுகிறது. அந்தக் காலத்தில் அதைவிடப் புனிதமான முடிவு கிடையாதுதான். ஆனாலும், வீட்டின் வழக்கை நாட்டின் வழக்குக்குள் கரைத்துவிட்ட சாமர்த்தியம் எனக்குச் சற்றே உறுத்துகிறது. தேசம் விடுதலையானபின் அந்தப் பெண் எந்த வீட்டுக்குத் திரும்பினாள்?

தேசம் விடுதலையாகும் முன்பே சட்டம் கொஞ்சம் அசைந்தது. கணவன் மறுமணம் செய்துகொண்டால் மனைவி தனியே வாழ்ந்து ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 1946-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. 1949-ல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்தை அனுமதித்துச் சட்டம் செய்தது. ஆச்சிக்கு அப்போது முப்பது வயது. "சட்டம் வந்துச்சாமே, ஆச்சி?" என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, "வந்திருக்கும். எங்க வீட்டு வாசலுக்கு வரலை" என்றாள்.

ஆச்சியின் வாசலுக்கு வந்தது வேறு. நாற்பது வயதுக்கு மேல், கலியாண வீடுகளுக்கு முறுக்குச் சுற்றிக் கொடுக்க ஆரம்பித்தாள். முதல் கூலியை ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி வைத்தாளாம். அன்று ராத்திரி இரண்டு தரம் எழுந்து திறந்து பார்த்தேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். உமாராணியின் பம்பாய்ச் சொத்து அந்தத் தகர டப்பாவுக்குள்தான் இருந்தது.

சட்டம் வந்தபின் படங்கள் இன்னும் துணிந்திருக்க வேண்டுமல்லவா? அதுதான் இல்லை. 1954-ல் 'ரத்தக்கண்ணீர்' வந்தது. தொழுநோய் கண்ட மோகனசுந்தரம், தான் உயிரோடிருக்கும்போதே தன் மனைவி சந்திராவைத் தன் நண்பன் பாலுவுக்கு மணம் முடித்து வைக்கிறான். எம். ஆர். ராதாவின் குரல் இன்றும் காதில் நிற்கிறது. அந்தக் கட்டத்தில் என் உடம்பு சிலிர்த்ததை மறைக்கவில்லை. மறுமணத்தை ஊரறியப் பேசிய துணிச்சலுக்கு வந்தனம். ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. முதல் கல்யாணத்தில் பெரியவர்கள் அவளைத் தாரை வார்த்தார்கள். இரண்டாவதில் புருஷனே வார்க்கிறான். விடுதலையும் அவன் கையால் கொடுத்தால்தான் உண்டு. ஒரு நிழலிலிருந்து இன்னொரு நிழலுக்கு அவள் மாற்றப்படுகிறாள். வெயிலில் தனியே நிற்க அவளுக்கு இடமில்லை. மறு ஆண்டு வந்த திருமணச் சட்டம் தொழுநோயை விவாகரத்துக்குரிய காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. மருந்தால் குணமாகும் நோய் அது என்று நன்றாகத் தெரிந்தபின்னும், 2019-ல்தான் அந்தக் காரணம் சட்டத்திலிருந்து நீங்கியது.

அந்த 1955-ல் நம் கொட்டகைகளில் ஓடிய படங்களில் ஒன்றின் பெயர் என்ன தெரியுமா? 'கணவனே கண்கண்ட தெய்வம்'! ராஜா ராணிக் கதைதான். சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் டில்லியில் விவாகரத்துச் சட்டம் நிறைவேறிய ஆண்டில் இங்கே சுவரெல்லாம் அந்தச் சுவரொட்டி இருந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. கதவைத் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், கதவருகே போகாதே என்று குழந்தைக்குச் சொல்வோமே, அது போலத்தான். அதன்பின் வெகுகாலம் நம் படங்களில் பொறுமையே உருவான மனைவி, கெட்டலையும் கணவனைக் கண்ணீராலேயே திருத்திக்கொண்டிருந்தாள். எல்லாரும் சேர்ந்தார்கள். ஆச்சியின் கேள்விக்கு அங்கே வேலையே இல்லை.

1984-ல் ஒரு விசித்திரம் நடந்தது. தாம்பத்திய உரிமை மீட்பு வழக்குக்கு இடம் கொடுக்கும் ஒன்பதாம் பிரிவு 1955-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் புகுந்திருந்தது. தென்னாட்டு நடிகை ஒருவர் மீது கணவர் தொடுத்த அத்தகைய வழக்கில், 1983-ல் ஆந்திர உயர்நீதிமன்ற நீதிபதி சௌத்ரி, அந்தப் பிரிவு பெண்ணின் உடல் மீதுள்ள அவளது உரிமையைப் பறிக்கிறது, அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். திரையில் சாவித்திரி கேட்டதை நிஜ வாழ்வில் ஒரு நடிகை கேட்டு வென்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மறு ஆண்டே, 1984-ல், வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லும் என்று கூறிவிட்டது.

அதே 1984-ல்தான் பாரதிராஜாவின் 'புதுமைப் பெண்' வந்தது. கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்ற கணவனை, மனைவி வெளியே போய்ப் போராடி மீட்கிறாள். மீண்டு வந்தவன் அவள் நடத்தையைச் சந்தேகிக்கிறான். அவள் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். ஆச்சியை அந்தப் படத்துக்கு அழைத்துப் போனேன். வரும்போது ஒன்றும் பேசவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபின், "இவ பொழைச்சுக்குவா. வெளியே போயி பழகிட்டால்லா" என்றாள். அவ்வளவுதான் விமரிசனம். சாவித்திரிக்குத் தேவைப்பட்ட புதையல் இவளுக்குத் தேவைப்படவில்லை. சொந்தக் காலில் நிற்கக் கற்றது போதுமாயிருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, அதே நடிகை ரேவதி, மணிரத்னத்தின் 'மௌன ராக'த்தில் வேறு விதமாக வந்தார். என்ன பரிசு வேண்டும் என்று கேட்ட புதுக் கணவனிடம் விவாகரத்து வேண்டும் என்கிறாள் அந்தப் பெண். திருமணமாகி ஓராண்டு முடியாமல் சாதாரணமாக விவாகரத்து மனுவை ஏற்பதில்லை என்ற சட்ட விதிதான் கதைக்கே அச்சாணி. அந்த ஓராண்டுக்குள் மனம் மாறுகிறது. ரயிலேறியவளைக் கணவன் ஓடிவந்து பிடிக்கிறான். சேர்ந்தார்கள். நல்ல படம், எனக்குப் பிடித்த படம். விவாகரத்து என்ற சொல்லை நடுத்தரக் குடும்பத்தின் கூடத்தில் சாதாரணமாக உச்சரிக்க வைத்த படம். ஆயினும் ஆச்சி இருந்திருந்தால், "ரயிலு மெட்ராசுக்குப் போயிருந்தா அவ அங்கே என்ன செஞ்சிருப்பா?" என்று கேட்டிருப்பாள். 'மௌன ராகம்' வருமுன்னே ஆச்சி போய்விட்டாள்.

ஆச்சியின் கேள்விக்கு நேரான பதில் சினிமாவிலிருந்து வரவில்லை. சொத்துச் சட்டத்திலிருந்து வந்தது. பெண்களுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. 1956-ல் வாரிசுரிமைச் சட்டம் ஓரளவு கொடுத்தது. 1989-ல் தமிழ்நாடு, பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு என்று திருத்தியது. அதுவும், ஏற்கெனவே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டு. 2005-ல் தேசம் முழுமைக்கும் அந்த உரிமை வந்தது. செங்கற்பட்டிலிருந்து டில்லிக்கு எழுபத்தாறு வருஷப் பயணம்!

இந்தச் சட்டங்களைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை, படமெடுக்கவில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் நடக்கும் காரியத்தில் என்ன ரசம் இருக்கிறது? ஆனால் கோர்ட்டில் நின்று வசனம் பேசும் ஒவ்வொரு சாவித்திரியின் காலடியிலும், கண்ணுக்குத் தெரியாமல், அந்தப் பத்திரக் காகிதம்தான் தரையாக இருக்கிறது. தரையில்லாத இடத்தில் எத்தனை நல்ல வசனமும் அந்தரத்தில்தான் நிற்கும்.

அதற்காக வசனம் வீண் என்று சொல்லவில்லை. நாலு மாதம் மாவு ஆட்டிக்கொண்டே ஒருத்தி தனக்குள் பேசிப் பார்த்த பேச்சு அது. வாழாவெட்டி என்ற பட்டத்துக்குள் அடைபட்டிருந்தவளுக்கு, தன் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு என்று முதன்முதலில் சொன்னது ஒரு டாக்கிப் படம். வேறு எவரும் அதை அவளுக்குச் சொல்லவில்லை. உறவினர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. படத்தின் முடிவு அவளுக்கு ஞாபகமே இல்லை. சேர்ந்தார்களா இல்லையா என்பதை அவள் மறந்து போயிருந்தாள்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த முறை உங்கள் வீட்டில் யாராவது படம் பார்த்துவிட்டு வந்தால், வழக்கமான கேள்வியைக் கேளுங்கள், தடையில்லை. ஆனால் அத்தோடு எழுந்து போய்விடாதீர்கள். அந்தப் பெண்ணின் பெயரில் வீடு இருந்ததா, கையில் வேலை இருந்ததா, டப்பாவில் நாலு காசு இருந்ததா என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லும் படம் நல்ல படம். பதில் சொல்லாத படமானால், அந்தக் கேள்வியை வீட்டிலிருக்கும் பெண்ணைப் பார்த்து நாமே கேட்டுக்கொள்ளலாம்.